எலக்ட்ரான் பீமை வெளிக்காத்துல விட்டா எவ்ளோ தூரம் போகும், கடைசில அந்த எலக்ட்ரான் எங்க போய்ச் சேருது?

வாக்யூம் டியூபுக்குள்ள வேகமா ஓடற எலக்ட்ரானை அப்படியே வெளிக்காத்துல விட்டா லேசர் மாதிரி நேரா போகுமா, மின்னல் மாதிரி வெட்டுமா, இல்ல வெளிய வந்த உடனே செத்துடுமான்னு கேட்டிருக்கீங்க, கூடவே கண்ணுக்குத் தெரியுமா, ஷாக் அடிக்குமா, பழைய டிவி பிக்சர் டியூப்ல செஞ்சு பாக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. நாலஞ்சு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில இருக்கறது ஒண்ணுதான், காத்துங்கறது எலக்ட்ரானுக்கு சுவரா இல்ல வெட்டவெளியா. ரெண்டும் இல்ல. எவ்ளோ எனர்ஜியோட வருதுங்கறதைப் பொறுத்து ரெண்டு மில்லிமீட்டர்ல நிக்கற எலக்ட்ரானும் உண்டு, நூறு மீட்டர் தாண்டற எலக்ட்ரானும் உண்டு. ஆனா எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு நடக்கும், தூரம் தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே திசை தீர்ந்துடும், அதாவது அது பீமா இருக்கறது நின்னு போயிடும். அதைத்தான் இந்தப் பதில்ல முக்கியமா சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா எல்லாரும் தூரத்தை மட்டும்தான் கேக்கறாங்க.

நான் பல வருஷமா இண்டஸ்ட்ரியல் எலக்ட்ரான் பீம் மெஷின் பக்கத்துல இருக்கறவன், கேபிள் இன்சுலேஷனை கிராஸ்லிங்க் பண்றது (அதாவது பிளாஸ்டிக் மூலக்கூறுகளை ஒண்ணோட ஒண்ணு பிணைக்கறது), மெடிக்கல் டிஸ்போசபிள் சாமானை பெட்டியோட ஸ்டெரிலைஸ் பண்றது, இந்த மாதிரி வேலை. எங்க பீம் தினமும் ஒரு மெல்லிசு டைட்டானியம் ஃபாயிலைத் தாண்டி காத்துக்குத்தான் வருது, அதனால கீழ சொல்றதுல கொஞ்சம் கண்ணால பாத்தது, கொஞ்சம் டேபிள்ல இருக்கறது, கடைசில வர்ற ரெண்டு விஷயம் படிச்சது மட்டும், அங்க வரும்போது சொல்லிடறேன்.

முதல்ல இதைச் செஞ்சு காட்டினவர் ஜெர்மனியோட பிலிப் லெனார்ட், 1890கள்ல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி இயற்பியலாளர் ஹெர்ட்ஸ், கேத்தோட் கதிர் (எலக்ட்ரான் பீமுக்கு அன்னிக்கு இருந்த பேரு) மெல்லிசு உலோகத் தகட்டைத் தாண்டிப் போகுதுன்னு கவனிச்சிருந்தார், அவர்கிட்ட உதவியாளரா இருந்த லெனார்ட் அதையே ஒரு ஜன்னலா மாத்திட்டார், டியூபோட முனையில சின்ன ஓட்டை, அதை மூட ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல மூணு பங்கு கூட இல்லாத அலுமினியம் ஃபாயில். உள்ள வாக்யூம், வெளிய நாம மூச்சு விடற காத்து, ஃபாயில் அந்த அழுத்தத்தையும் தாங்கணும் எலக்ட்ரானையும் விடணும். விட்டுச்சு. வெளிய ஜன்னலை ஒட்டி மங்கலா நீல வெளிச்சம், ஓசோன் வாசனை, ஒளிர்ற திரையைக் கிட்ட வெச்சா மின்னுது, சில சென்டிமீட்டர் தள்ளி வெச்சா ஒண்ணும் இல்ல. 1905ல அவருக்கு நோபல் கிடைச்சது இந்த கேத்தோட் கதிர் வேலைக்குத்தான். இதுல வேடிக்கை என்னன்னா அவர் இதைச் செஞ்சப்ப எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கறதே நிரூபணம் ஆகல, ஜே.ஜே. தாம்சன் அளந்து சொன்னது 1897ல. இன்னிக்கு நாங்க ஓட்டற மெஷினும் அதே ஐடியாதான், ஃபாயில் டைட்டானியம், பீமை இடமும் வலமும் ஸ்கேன் பண்ண மேக்னெட், ஃபாயில் உருகாம இருக்க அது மேல எந்நேரமும் வேகமா காத்து அடிக்கற ப்ளோயர், அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப தூரம். இது ரொம்ப நல்லா அளந்து கணக்குப் போட்டு வெச்ச விஷயம், சந்தேகமே இல்லாத பகுதி. சாதாரண அழுத்தத்துல இருக்கற காத்துல 10 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானோட எனர்ஜியைச் சொல்ற அலகு), அதாவது 10 கேஇவி எலக்ட்ரான் ஓடற மொத்தப் பாதையே 2.4 மில்லிமீட்டர்தான். 100 கேஇவின்னா 13 சென்டிமீட்டர் சொச்சம். பத்து லட்சம், அதாவது 1 எம்இவின்னா சுமார் 4 மீட்டர். 10 எம்இவின்னா 48 மீட்டர் கிட்ட. கவனிச்சீங்களா, 10ல இருந்து 100க்கு எனர்ஜி பத்து மடங்கு ஏறினா தூரம் ஐம்பது மடங்குக்கு மேல ஏறுது, ஆனா 1ல இருந்து 10 எம்இவிக்குப் போகும்போது பன்னெண்டு மடங்குதான். காரணம், மெதுவா போற எலக்ட்ரான் ஒவ்வொரு அணுகிட்டயும் அதிக நேரம் இருக்கு, அதனால அதிகமா பறிகொடுக்குது. 10 கேஇவில ஒரு சென்டிமீட்டருக்கு 24 கேஇவி வீதம் போகுது (அவ்ளோ எனர்ஜியே அதுகிட்ட இல்ல, அதான் மில்லிமீட்டர்ல முடியுது), 100 கேஇவில சென்டிமீட்டருக்கு 4.4, 1 எம்இவில வெறும் 2. அதுக்கு மேல எலக்ட்ரான் எப்படியும் ஒளி வேகத்தை ஒட்டித்தான் ஓடுது, 1 எம்இவிலயே ஒளி வேகத்துல 94 சதவீதம், இன்னும் எனர்ஜி ஏத்தினாலும் வேகம் பெருசா கூடாது, இழப்பும் குறையாது.

இன்னொண்ணு, இந்தத் தூரமெல்லாம் உண்மையில மீட்டர் கணக்கு இல்ல, வழியில எவ்ளோ பொருள் இருக்குங்கற கணக்கு. காத்துல 4 மீட்டர் போற அதே 1 எம்இவி எலக்ட்ரான் தண்ணியில 4 மில்லிமீட்டர் சொச்சம்தான் போகும், உடம்புலயும் கிட்டத்தட்ட அதேதான். எதிர்ப்பக்கம் பாருங்க, கடல் மட்டத்துல 2 மில்லிமீட்டர்ல சாகற அந்த 10 கேஇவி எலக்ட்ரான் மாதிரி எலக்ட்ரான்கள்தான் துருவ ஒளியைக் கொடுக்குது, மேல இருந்து இறங்கி தரையில இருந்து 100 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் வந்துடுது, ஏன்னா அந்த உயரம் வரைக்கும் இருக்கற மொத்தக் காத்தையும் சேத்து இங்க கொண்டு வந்தா சில மில்லிமீட்டர் காத்துக்குத்தான் சமம்.

சரி, எனர்ஜி எப்படிப் போகுதுன்னு பாப்போம். எலக்ட்ரான் எது மேலயும் போய் முட்டி நிக்கறது இல்ல. காத்துல இருக்கற நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறு பக்கத்துல போகும்போது அதுல இருக்கற எலக்ட்ரானை ஒரு உலுக்கு உலுக்குது, சில சமயம் உலுக்கல்ல அந்த எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு வெளிய வருது, அந்த எலக்ட்ரானும் அதை இழந்த மூலக்கூறுமா அயனி ஜோடி ஒண்ணு உருவாகுது. சராசரியா ஒரு ஜோடிக்கு 34 எலக்ட்ரான் வோல்ட் செலவு, இந்த எண்ணு எலக்ட்ரானோட எனர்ஜி எதுவா இருந்தாலும் பெருசா மாறாதுங்கறதுதான் கதிரியக்கம் அளக்கற அயனைசேஷன் சேம்பர் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். அப்ப 1 எம்இவி எலக்ட்ரான் ஒண்ணு சாகறதுக்குள்ள கிட்டத்தட்ட 29 ஆயிரம் ஜோடியை உருவாக்குது, இது எல்லாம் நடந்து முடிய ஆகற நேரம் ஒரு செகண்டை நூறு கோடியா பிரிச்சா அதுல பதினஞ்சு பங்கு போல. பிச்சுக்கிட்டு வந்த எலக்ட்ரான்கள்ல சிலது கொஞ்சம் வேகமாவே கிளம்பும், அதுவும் தன் பங்குக்கு இன்னும் சிலதைப் பிச்சுவிடும்.

இனி திசை. எனர்ஜியை உறிஞ்சறது பெரும்பாலும் அணுவோட எலக்ட்ரான்கள், திசையைக் கெடுக்கறது பெரும்பாலும் அணுக்கரு. கரு கிட்ட போகும்போது எனர்ஜி பெருசா போகாது, ஆனா பாதை வளையும், ஒவ்வொரு தடவையும் துளித்துளியா, ஆனா ஆயிரக்கணக்கான தடவை, எந்தப் பக்கம்னு சொல்ல முடியாம. 1 எம்இவி பீம் ஊசி மாதிரி மெல்லிசா வெளிய வருதுன்னு வெச்சுக்கோங்க, ஒரு மீட்டர் போறதுக்குள்ள அது இழக்கற எனர்ஜி 0.2 எம்இவி, அஞ்சுல ஒரு பங்குதான், ஆனா அதுக்குள்ள சராசரியா 25 டிகிரி போல திரும்பியிருக்கும், ஊசியா இருந்தது ஒரு கை அகலத்துக்கும் மேல பரவியிருக்கும். ரெண்டாவது மீட்டர்ல பீம்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல, எல்லாப் பக்கமும் அலையற எலக்ட்ரான் கூட்டம்தான். அதனால குழாயில இருந்து பீய்ச்சற தண்ணி மாதிரி மனசுல படம் போடாதீங்க, ஊதுபத்திப் புகை மாதிரி போடுங்க, கிளம்பற இடத்துல ஒரு கோடு, கொஞ்சம் தள்ளினா ஒரு கலங்கல். மேல சொன்ன 4 மீட்டர்ங்கறது இந்த வளைஞ்சு நெளிஞ்ச பாதையோட மொத்த நீளம், ஜன்னல்ல இருந்து நேர்கோட்டுல அளந்தா அவ்ளோ தூரம் வந்து சேர்ற எலக்ட்ரான் ரொம்பக் கம்மி. 10 எம்இவின்னா நிலைமை பரவாயில்ல, மீட்டருக்கு மூணு டிகிரி போலத்தான். இதனாலதான் 150 கேஇவி மாதிரி சின்ன மெஷின்ல பொருளை ஜன்னலை ஒட்டியே ஓட்டுவோம், அங்க ஃபாயிலே எனர்ஜில பத்துல ஒரு பங்கைத் தின்னுடும், அப்புறம் காத்து இடைவெளி ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு. பூமியோட காந்தப்புலம் வளைக்காதான்னு யாராவது கேப்பாங்க, வளைக்கும், ஆனா 1 எம்இவிக்கு அந்த வட்டத்தோட ஆரம் நூறு மீட்டர் கிட்ட வரும், 4 மீட்டர்ல சாகப் போற எலக்ட்ரானுக்கு அது ஒரு விஷயமே இல்ல.

கடைசில எங்க போகுதுன்னு கேட்டதுக்கு இப்ப வரேன். எனர்ஜி 12 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ போயிடுச்சுன்னா ஆக்சிஜனைக் கூட அயனியாக்க முடியாது, அப்புறம் மூலக்கூறுகளை ஆட்டி வெச்சு மிச்சத்தையும் இழந்து காத்தோட வெப்பநிலைக்கு வந்துடும். அந்த நிலைமையில அது முதல்ல கிளம்பின எலக்ட்ரானா இல்ல வழியில பிச்சு வந்ததான்னு பிரிச்சுப் பாக்கவே வழி கிடையாது. சில பத்து நானோசெகண்ட்ல ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு அதைப் பிடிச்சுக்கும், நெகட்டிவ் அயனி ஆயிடும், சுத்தி ஈரம் ஒட்டிக்கும், அப்புறம் சாவகாசமா ஒரு பாசிட்டிவ் அயனியைச் சந்திச்சு சமன் ஆகும், இல்ல சுவரையோ தரையையோ தொட்டு எர்த் ஆகும். மெஷின் எர்த் ஆகியிருக்கறதால சர்க்யூட் அப்படி முடிஞ்சுடுது. ஷாக் அடிக்குமான்னு கேட்டதுக்கும் இதுதான் பதில், பீம் போற காத்து அயனியாகி ஓரளவு மின்சாரம் கடத்தறதால சார்ஜ் குவியாம கசிஞ்சுடும். ஆனா எலக்ட்ரான் போய் நிக்கற இடம் நல்ல இன்சுலேட்டரா இருந்தா கதை வேற. தடி அக்ரிலிக் கட்டையை பீம்ல காட்டினா எலக்ட்ரான் உள்ள போய் மாட்டிக்கும், வெளிய எடுத்து ஓரத்துல ஒரு ஆணியை வெச்சுத் தட்டினா டப்புனு ஒரு வெளிச்சம், கட்டைக்குள்ள கிளை கிளையா மரம் மாதிரி நிரந்தரமா ஒரு படம். தடியான கேபிள் இன்சுலேஷன்ல இதே விஷயம் நடந்தா அழகா இருக்காது, ஊசி ஓட்டையோட ரிஜெக்ட்.

கண்ணுக்குத் தெரியுமா? தெரியும், ஆனா எலக்ட்ரான் தெரியாது, அது உசுப்பிவிட்ட நைட்ரஜன்தான் தெரியும். ரூமுக்குள்ள லைட்டை அணைச்சுட்டு கேமரா வழியா பாத்தா ஜன்னலுக்குக் கீழ நீலமும் ஊதாவும் கலந்த ஒரு மூட்டம், ஃபாயில் கிட்ட அடர்த்தி, கீழ போகப் போக அகலமாகி மங்கும். நைட்ரஜன் பெரும்பாலும் 337, 357 நானோமீட்டர்ல ஒளி விடுது, அது அல்ட்ரா வயலட், நமக்குத் தெரியாது, 391, 427ல வர்றதைத்தான் நாம பாக்கறோம். நெட்ல நிறைய பேர் இதைச் செரென்கோவ் ஒளின்னு எழுதறாங்க, அது தப்பு. செரென்கோவ் வரணும்னா அந்தப் பொருளுக்குள்ள ஒளி போற வேகத்தை எலக்ட்ரான் தாண்டணும், தண்ணியில அது சுலபம், காத்துல ஒளி கிட்டத்தட்ட முழு வேகத்துல போறதால எலக்ட்ரானுக்கு 21 எம்இவி மாதிரி வேணும், எங்க மெஷின் எதுவும் அந்தப் பக்கமே போகாது. அதோட இந்த வெளிச்சம் ரொம்ப சொற்பம், ஒரு எலக்ட்ரான் ஒரு மீட்டர் ஓடினா நாலு ஃபோட்டான் போலத்தான். 10 மில்லி ஆம்பியர் பீமுக்குப் போட்டுப் பாருங்க, ஒரு மீட்டர் காத்துல அது கொட்டற எனர்ஜி 2 கிலோவாட், அதுல ஒளியா வெளிய வர்றது 0.14 வாட்தான், ஏன்னா உசுப்பின நைட்ரஜன் ஒளி விடறதுக்குள்ள ஒரு ஆக்சிஜன் வந்து இடிச்சு அந்த எனர்ஜியை வெப்பமா மாத்திடும். இந்தச் சொற்ப வெளிச்சத்தை நம்பித்தான் அர்ஜென்டினாவுல இருக்கற பியர் ஓஜே ஆய்வகம் விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல உண்டாக்கற துகள் மழையை அளக்குது. அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல டெலஸ்கோப் அர்ரேன்னு அதே மாதிரி ஆய்வகம் ஒண்ணு இருக்கு, அங்க தங்களோட கேமராவைச் சரிபாக்கறதுக்காகவே 40 எம்இவி எலக்ட்ரான் பீமை நேரா வானத்தைப் பாத்து விட ஒரு ஆக்சிலரேட்டர் வெச்சாங்க, உங்க கேள்வியை அப்படியே செஞ்சு பாத்த மாதிரி. நூறு மீட்டருக்கு மேல ஏறிப் போகும் அது.

வெளிச்சத்தை விட எங்களுக்குத் தொல்லை அது விட்டுட்டுப் போறதுதான். ஆக்சிஜன் உடைஞ்சு ஓசோன் ஆகுது, நைட்ரஜனும் சேந்து நைட்ரஜன் ஆக்சைடு, ஈரம் இருந்தா நைட்ரிக் அமிலம். ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் எல்லாம் பொடிப்பொடியா வெடிப்பு விடும், சாதாரண இரும்பு போல்ட் துருப்பிடிச்சு நிக்கும். வேலை செய்யற இடத்துல பொதுவா ஏத்துக்கிட்ட ஓசோன் அளவு காத்துல கோடியில ஒரு பங்கு, மூக்குக்கு அதுக்கும் முன்னாடியே தெரிஞ்சுடும், அதனால பீம் நின்ன பிறகும் எக்ஸாஸ்ட் ஓடி முடியற வரைக்கும் கதவு திறக்காத மாதிரி இன்டர்லாக் போட்டிருப்போம். அப்புறம் எக்ஸ்-ரே. காத்துல 1 எம்இவி எலக்ட்ரான் தன் எனர்ஜில ஒரு சதவீதம் கூட எக்ஸ்-ரேயா மாத்தாது, ஆனா பீம் கன்வேயர், ஸ்டீல் தட்டு மாதிரி உலோகத்துல பட்டா அதை விட நிறையவே வரும், எலக்ட்ரான் 4 மீட்டர்ல நின்னுடும், எக்ஸ்-ரே நிக்காது, தடி கான்கிரீட் சுவர் எல்லாம் அதுக்குத்தான். பீம் ஆஃப்னு எழுதியிருந்தாலும் ஹை வோல்டேஜ் இருந்தா ஆபத்துங்கறதுக்கு 1991ல மேரிலாண்ட்ல நடந்தது உதாரணம், 3 எம்இவி மெஷின்ல ஃபிலமென்ட்டை, அதாவது சூடாகி எலக்ட்ரானை விடற கம்பியை, அணைச்சுட்டு வோல்டேஜை விட்டுட்டாங்க, ஃபிலமென்ட் சூடு இல்லாமலேயே கசியற டார்க் கரண்ட் போதுமானதா இருந்துச்சு, ஜன்னல் கிட்ட கை வெச்ச ஆபரேட்டர் ரெண்டு கையிலயும் விரல்களை இழந்தார். அந்த நேரம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

இதுவரைக்கும் சொன்னது எலக்ட்ரான்கள் தனித்தனியா ஓடற மாதிரி நினைச்சுக்கிட்டு, எங்க மில்லி ஆம்பியர் பீமுக்கு அது சரி. ஆயிரக்கணக்கான ஆம்பியர் பல்ஸ்னா கதை மாறும், இனி நான் படிச்சதுதான், கையால தொட்டது இல்ல. வாக்யூம்ல எலக்ட்ரான்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு விரியும், ஆனா காத்துல பீம் தானே அயனியாக்கின பாதையில பாசிட்டிவ் அயனி மிஞ்சி அந்தத் தள்ளலைச் சமன் பண்ணிடும், அப்ப பீமோட சொந்தக் காந்தப்புலம் அதை உள்பக்கமா இறுக்கும். அதாவது இந்த ஒரு விஷயத்துல காத்து உதவியே பண்ணுது. இதை ஆயுதமா மாத்தலாம்னு அமெரிக்கா 1958ல சீசான்னு ஒரு திட்டத்தை ஆரம்பிச்சாங்க, பின்னாடி 1980கள்ல லிவர்மோர் ஆய்வகத்துல 50 எம்இவி, 10 ஆயிரம் ஆம்பியர் பல்ஸ் விடற மெஷினே கட்டினாங்க. பிரச்சனை என்னன்னா பீம் வழியில பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சு, அந்த நெளிவு வளர்ந்து பீமே சிதறிடும். இந்த நெளிவை எந்த அளவுக்கு அடக்க முடியும்ங்கறதுல பொதுவெளியில இருக்கற பேப்பரை மட்டும் வெச்சு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆயுதமா எதுவும் வெளிய வரலைங்கறது மட்டும் தெரியும்.

மின்னல் சமாச்சாரமும் இதே மாதிரி பாதி நிச்சயம் பாதி விவாதம். 1 எம்இவி எலக்ட்ரான் மீட்டருக்கு 0.2 எம்இவி இழக்குதுன்னு சொன்னேன் இல்லையா, அப்ப மீட்டருக்கு 2 லட்சம் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல மின்புலம் இருந்தா இழக்கறதை விட வாங்கறது அதிகம், எலக்ட்ரான் நிக்காது, வேகம் ஏறிக்கிட்டே போகும். காத்து தானா உடைய மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வேணும், இது அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல, இடிமேகத்துக்குள்ள இந்த அளவை ஒட்டி மின்புலம் அளந்திருக்காங்க. சி.டி.ஆர். வில்சன் 1925லயே இதைக் கணிச்சார், 1992ல குரேவிச்சும் கூட இருந்தவங்களும் இது பனிச்சரிவு மாதிரி பெருகும்னு காட்டினாங்க, 1994ல இடிமேகத்துல இருந்து வர்ற காமா வெடிப்பை செயற்கைக்கோள் பாத்தது வெளிவந்துச்சு. இது வரைக்கும் நிச்சயம். மின்னலைத் தொடங்கி வைக்கறதே இந்த எலக்ட்ரான்கள்தானாங்கறது இன்னும் முடிவாகாத சண்டை, யாராவது ஆமாம்னோ இல்லைன்னோ உறுதியா சொன்னா கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க.

பிக்சர் டியூப் ஐடியாவை விட்டுடுங்க. அதுல இருக்கறது 25 கேஇவி போலத்தான், முன்னாடி இருக்கற தடிக் கண்ணாடியைத் தாண்டவே தாண்டாது, தாண்டினாலும் காத்துல ஒரு சென்டிமீட்டர், உடைச்சா டியூப் உள்நோக்கி வெடிச்சு கண்ணாடி முகத்துல அடிக்கும், காத்து உள்ள போன உடனே கேத்தோடும் காலி. காத்துல வேக எலக்ட்ரான் என்ன பண்ணுதுன்னு நிஜமாவே பாக்கணும்னா க்ளவுட் சேம்பர் கட்டுங்க, கண்ணாடித் தொட்டி, மேல ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச ஃபெல்ட், கீழ கறுப்புத் தட்டு, அதுக்கு அடியில ட்ரை ஐஸ், பக்கவாட்டுல ஒரு டார்ச். ஆல்கஹால்ங்கறதால பக்கத்துல நெருப்பு வேண்டாம், ட்ரை ஐஸை வெறுங்கையால தொடாதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. கதிரியக்கப் பொருள் எதுவும் தேவையில்ல, கால் மணி நேரம் போல பொறுத்தா சுத்துப்புறத்துல இருக்கறதே கோடு போட ஆரம்பிக்கும். கட்டையா குட்டையா வர்றது ஆல்ஃபா, அதை விடுங்க. மெல்லிசா நேரா போறது வேகமான எலக்ட்ரானா இருக்கும், இல்லேன்னா காஸ்மிக் கதிர்ல இருந்து வர்ற மியூவான்ங்கற துகளா இருக்கும். மெல்லிசாவே கிளம்பி, வளைஞ்சு, போகப் போக சுருண்டு, கடைசிச் சென்டிமீட்டர்ல திடீர்னு அடர்த்தியாகி நிக்கற கோடு ஒண்ணு வரும் பாருங்க, நீங்க கேட்ட எலக்ட்ரான் அதுதான்.